முதல் பாக்கெட் ரிவால்வர்: பளபளப்பைப் பார்ப்பதா, எண்களைப் பார்ப்பதா?

இளம்பரிதி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். உலோகத் தோட்டா பரவலாவதற்கு முன்பு, உருளையின் பின்புறத்தில் உள்ள நிப்பிள் என்னும் சிறு குழாயின் மேல், அடித்தால் வெடிக்கும் மருந்து கொண்ட செப்புக் கேப்பைப் பொருத்திச் சுடப்பட்ட பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிறிய ரிவால்வர்களைப் பற்றி மூன்று ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். இதுவரை ஒன்றுகூட வாங்கியதில்லை. இப்போது ஒரே வணிகரிடம் இரண்டு துப்பாக்கிகள் விற்பனைக்கு வந்திருக்கின்றன. இரண்டில் ஒன்றைத்தான் என்னால் வாங்க முடியும் என்பதால், அனுபவமுள்ளவர்களின் கருத்தைக் கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம் என்று எழுதுகிறேன்.

முதலாவது, கோல்ட் நிறுவனத்தின் 1849 பாக்கெட் மாதிரி. சுழலும் உருளையில் வெடிமருந்தும் குண்டும் இட ஐந்து அறைகள், 4 அங்குல எண்கோணக் குழல், 0.31 அங்குல விட்டம். குழலும் உருளையும் கருநீலமாக மின்னுகின்றன. விசைக் காப்பும் கைப்பிடியின் பின்பட்டையும் தங்கம் போலப் பளபளக்கின்றன. உருளையைச் சுற்றிப் பொறிக்கப்பட்டிருக்கும் குதிரை வண்டிக் கொள்ளைக் காட்சி நேற்றுச் செதுக்கியதுபோல் தெளிவாக இருக்கிறது. குழல், சட்டகம், விசைக் காப்பு, கைப்பிடியின் அடிப்பட்டை ஆகிய நான்கிலும் ஒரே எண் இருக்கிறது; உருளையில் மட்டும் வேறு எண். குழலைப் பிடித்து வைத்திருக்கும் ஆப்பில் எண்ணே இல்லை. வெடிமருந்துக் குடுவை, குண்டு வார்க்கும் அச்சு, கேப் டப்பா ஆகியவற்றோடு பட்டுத் துணி பதித்த மரப்பெட்டியில் வருகிறது.

இரண்டாவது, மான்ஹாட்டன் நிறுவனத்தின் சிறிய ரிவால்வர். அதுவும் 0.31 அங்குலம்தான். பெட்டியும் இல்லை, பளபளப்பும் இல்லை. இரும்பு முழுவதும் பழுப்பும் சாம்பலும் கலந்த நிறத்தில் இருக்கிறது. உருளைச் சித்திரம் பாதிக்கு மேல் தேய்ந்துவிட்டது. ஒரு நிப்பிளின் நுனி உடைந்திருக்கிறது, கைப்பிடியின் ஓர் ஓரத்தில் சிறிய சில்லு பெயர்ந்திருக்கிறது. ஆனால் எண் இருக்க வேண்டிய இடங்களில் எல்லாம் ஒரே எண்ணே இருக்கிறது.

கோல்ட் என்ற பெயரும் அந்தப் பெட்டியும் என்னை இழுக்கின்றன என்பதை ஒப்புக்கொள்கிறேன். கண்ணுக்கு அழகானதை விட்டுவிட்டுத் தேய்ந்ததை வாங்குவதற்கு உண்மையிலேயே காரணம் உண்டா? உருளையின் எண் மாறியிருப்பது எவ்வளவு பெரிய குறை? நேரில் பார்க்கும்போது நான் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

---

துருவும் மெருகும் எழுதியது:

வணக்கம் இளம்பரிதி. நீங்கள் தந்த விவரங்கள் தெளிவாக இருப்பதால் நேரடியாகவே சொல்கிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் நான் மான்ஹாட்டனைத்தான் எடுப்பேன்.

முதலில் எண்களைப் பற்றிச் சொல்கிறேன். இயந்திரங்களைக் கொண்டு ஒரே மாதிரியான பாகங்களைப் பெருமளவில் செய்ததற்காகக் கோல்ட் தொழிற்சாலை புகழ்பெற்றது என்பது உண்மை. ஆயினும் அந்தக் காலத்துப் பாகங்கள் எதை எடுத்து எதில் வைத்தாலும் அப்படியே பொருந்திவிடவில்லை. ஒரு துப்பாக்கிக்கு உரிய பாகங்களைத் தொழிலாளி கையால் அரம் போட்டு, ஒன்றோடொன்று இசையும்படி பொருத்தி, பிறகு அவற்றைப் பிரித்துக் கடினப்படுத்தலுக்கும் மெருகுக்கும் அனுப்புவார். திரும்பி வரும்போது எது எதனோடு சேர்ந்தது என்று தெரிய வேண்டும் அல்லவா? எண் பொறித்ததற்கு முதன்மையான காரணம் அதுதான். ஆகவே எண் ஒத்திருக்கும் துப்பாக்கி என்பது ஒரே மேசையில் ஒரே கையால் இசைவிக்கப்பட்ட பாகங்கள் இன்றுவரை பிரியாமல் இருக்கின்றன என்பதற்கான சான்று. 1849 மாதிரியில் பெரிய பாகங்களில் முழு எண்ணும், ஆப்பு, உருளையின் நடுத்தண்டு போன்ற சிறியவற்றில் பெரும்பாலும் எண்ணின் கடைசி இலக்கங்களும் இருக்கும். உருளை மாறியிருக்கிறது, ஆப்பில் எண் இல்லை என்றால் குறைந்தது இரண்டு பாகங்கள் வேறிடத்திலிருந்து வந்தவை என்று பொருள். ஆப்பு தொலைவது எப்போதும் நடப்பதுதான், அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். உருளை அப்படியன்று. ரிவால்வரின் உயிரே அதில்தான் இருக்கிறது.

அடுத்தது அந்தப் பளபளப்பு. கோல்ட் 1849 தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது அதன் குழலும் உருளையும் நீலமேற்றப்பட்டிருந்தன. சட்டகம், கேப்பை அடிக்கும் சுத்தி, குண்டை அழுத்தும் நெம்புகோல் ஆகியவை கரியில் புதைத்துக் கடினப்படுத்தப்பட்டதால் பழுப்பும் நீலமும் சாம்பலும் மேகம்போல் கலந்த நிறத்தில் இருந்தன. விசைக் காப்பும் பின்பட்டையும் பித்தளைதான். ஆனால் அதன் மேல் வெள்ளி முலாம் பூசப்பட்டிருந்தது. நீங்கள் பார்த்த துப்பாக்கியில் பித்தளை தங்கம் போல மின்னுகிறது என்றால், வெள்ளி முழுவதையும் யாரோ தேய்த்து எடுத்திருக்கிறார்கள், அல்லது அது பயன்பாட்டில் தேய்ந்த பிறகு பித்தளையை மெருகேற்றியிருக்கிறார்கள். நேர்மையாகத் தேய்ந்த துப்பாக்கியில் கைப்பிடி மரமும் பித்தளையும் சேரும் இடுக்குகளில், விசைக் காப்பின் உள்வளைவில், கறுத்துப்போன வெள்ளி கொஞ்சமாவது தங்கியிருக்கும். அந்தக் கறுப்பைக் கண்டால் எனக்கு மனம் நிறையும்.

மெருகேற்றியதைக் கண்டுபிடிக்க எண்கோணக் குழலின் விளிம்புகளைப் பாருங்கள். ஒரு முகமும் அடுத்த முகமும் சேரும் கோடு கத்தி முனைபோல் இருக்க வேண்டும். பஃபிங் சக்கரத்தில் காட்டிய குழலில் அந்தக் கோடு மழுங்கி, வெளிச்சத்தில் பிடித்தால் வழுக்கிக்கொண்டு போகும். திருகாணித் துளைகளின் வாயும் கிண்ணம்போல் குழிந்திருக்கும். குழலின் மேல் முகத்தில் பொறித்திருக்கும் முகவரி வரியில் எழுத்துகளின் ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் அழிந்தும் காணப்படும். பழைய துருக்குழிகளுக்கு உள்ளேயும் கருநீலம் இறங்கியிருந்தால் பிறகு ஏற்றிய நீலம் என்பதில் ஐயமே வேண்டாம். துரு தின்ற இடத்தில் தொழிற்சாலை நீலம் எப்படித் தங்கும்?

இனி அந்தச் சித்திரம். வாட்டர்மேன் லில்லி ஆர்ம்ஸ்பி என்ற பொறிப்புக் கலைஞர், பண நோட்டுகளுக்குத் தகடு செதுக்கியவர், கோல்டுக்காக இந்தக் காட்சிகளைச் செதுக்கினார். அவருடைய வேலை கடினமான எஃகு உருளைக்கு மாற்றப்பட்டு, அந்த எஃகு உருளையைத் துப்பாக்கியின் உருளை மேல் அழுத்தி உருட்டிப் படம் எடுத்தார்கள். அதாவது, கோடுகள் வெட்டப்பட்டவை அல்ல, அழுத்தப்பட்டவை. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் அழுத்திய கோட்டின் ஓரம் மென்மையாக இருக்கும். உளியால் மறுபடி வெட்டிய கோட்டில் ஓரத்தில் பிசிறும், ஆழத்தில் ஏற்ற இறக்கமும் தெரியும். இந்தப் படம் மிக மெல்லியது. உறையில் போட்டு எடுத்தாலே முதலில் தேய்வது அதுதான். ஆகவே குழல் தேய்ந்து, சட்டகம் தேய்ந்து, படம் மட்டும் தெளிவாக இருக்கிறது என்றால், ஒன்று அந்த உருளை வேறு துப்பாக்கியினுடையது, அல்லது படம் பின்னாளில் திருத்தி வெட்டப்பட்டது. நான் சேகரிக்கத் தொடங்கிய இரண்டாம் ஆண்டில், இப்படித் திருத்தி வெட்டிய படத்தைப் பார்த்து மயங்கி ஒரு கோல்டை வாங்கினேன். விற்றவர் அதை அறிந்திருந்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த ஏமாற்றம் ஆறப் பல ஆண்டுகள் ஆயின. நீங்கள் அதே படியில் கால் வைத்துவிடக் கூடாது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பெட்டியைப் பற்றி ஒன்று மட்டும். பெட்டியின் துணியில், துப்பாக்கி நூறாண்டுக்கு மேல் கிடந்திருந்தால், சுத்தியும் முன்குறியும் அழுந்திய தடமும் எண்ணெய்க் கறையும் அதே வடிவத்தில் பதிந்திருக்கும். தடம் இல்லாத பெட்டி பின்னாளில் சேர்த்தது.

---

செங்குட்டுவன் எழுதியது:

மேலே சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்கிறேன். ஆனால் மான்ஹாட்டன் என்பது கோல்ட் கிடைக்காதவர்கள் வாங்கும் இரண்டாம் தரப் பொருள் என்ற எண்ணம் இந்தக் கேள்விக்குள் மறைந்திருக்கிறது. அதைப் போக்குவதற்காகக் கொஞ்சம் வரலாறு சொல்ல வேண்டும்.

சாமுவேல் கோல்ட் தம் ரிவால்வருக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1836இல். நியூ ஜெர்சியின் பேட்டர்சன் ஊரில் தொடங்கிய முதல் தொழிற்சாலை 1842இல் மூடப்பட்டது. மெக்சிகோவுடனான போரின்போது ராணுவம் பெரிய ரிவால்வர்களைக் கேட்டதால் 1847இல் அவர் மீண்டும் எழுந்தார். மறுபடி தலையெடுத்தவுடனேயே பாக்கெட் சந்தையின் அருமையை உணர்ந்து, 'பேபி டிராகூன்' என்று சேகரிப்பாளர்கள் அழைக்கும் 1848 மாதிரியைக் கொண்டுவந்தார். அதற்கு அடுத்ததுதான் நீங்கள் பார்த்த 1849. ஏறத்தாழ 1850 முதல் 1873 வரை 3 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது; கேப் வைத்துச் சுடும் கோல்டுகளில் எண்ணிக்கையில் இதை மிஞ்சியது வேறில்லை. எனவே ஒன்றைத் தவறவிட்டால் இன்னொன்று கிடைக்காது என்ற பதற்றம் வேண்டியதில்லை.

கோல்டின் காப்புரிமை 1849இல் நீட்டிக்கப்பட்டது. அதை மீறியதாக மாசசூசெட்ஸ் ஆர்ம்ஸ் நிறுவனத்தின் மேல் அவர் தொடுத்த வழக்கில் 1851இல் வென்றார். அந்த வெற்றிக்குப் பிறகு 1857 வரை, சுத்தியை இழுக்கும்போதே உருளை தானாகச் சுழன்று பூட்டிக்கொள்ளும் அமைப்பை அமெரிக்காவில் பிறர் செய்வது அரிதாயிற்று. 1857இல் காலம் முடிந்த கையோடு பிறரும் அதே அமைப்பில் இறங்கினார்கள். அவர்களில் முக்கியமானது நியூ ஜெர்சியின் நெவார்க்கில் இயங்கிய மான்ஹாட்டன். கோல்டின் வடிவத்தை அப்படியே பின்பற்றினாலும், வேலைப்பாட்டில் அது குறைந்ததன்று. பின்னர் அவர்கள் செய்த 0.36 அங்குல ஐந்து அறை ரிவால்வரின் உருளையில் பூட்டுப் பள்ளங்கள் பத்து இருக்கும். அறைக்கு ஒன்றாக ஐந்து, அறைகளுக்கு நடுவே ஐந்து. மருந்தும் கேப்பும் ஏற்றிய துப்பாக்கியைப் பையில் வைத்திருப்பவர், சுத்தி எந்தக் கேப்பின் மேலும் படாமல் இரண்டு அறைகளுக்கு நடுவே உருளையைப் பூட்டி வைப்பதற்கான ஏற்பாடு அது. கோல்டில் அதே வேலையை உருளையின் பின்முகத்தில் நிற்கும் சிறு முளைகள் செய்தன. ஆனால் அவை எளிதில் நசுங்கிவிடும். பழைய கோல்டுகளில் அந்த முளைகள் முழுதாக நிற்பதை அடிக்கடி காண முடியாது.

உலோகத் தோட்டா வந்த பிறகும் கேப் ரிவால்வர்கள் இவ்வளவு காலம் நீடித்ததற்கும் ஒரு காப்புரிமையே காரணம். உருளையின் அறையை முன்னிருந்து பின்வரை முழுவதும் துளைத்து, பின்பக்கமாகத் தோட்டா செருகும் முறைக்கு ரோலின் ஒயிட் என்பவர் 1855 ஏப்ரலில் உரிமை பெற்று, அதை ஸ்மித் அண்ட் வெஸ்ஸனுக்குக் கொடுத்திருந்தார். 1869 ஏப்ரலில் அது முடியும்வரை மற்றவர்கள் முன்வாயில் மருந்தும் குண்டும் இட்டுப் பின்னால் கேப் செருகும் முறையிலேயே இருக்க நேர்ந்தது. முடிந்ததும் ஏராளமான பாக்கெட் ரிவால்வர்களைத் தோட்டாவுக்கு ஏற்றபடி மாற்றிவிட்டார்கள். மாற்றப்படாமல் தப்பியவை இன்று நம் கைக்கு வருகின்றன.

இன்னொரு யோசனையும் சொல்கிறேன். அமெரிக்கத் துப்பாக்கிகளோடு மட்டும் நின்றுவிடாதீர்கள். 1851இல் லண்டனில் நடந்த பெரும் பொருட்காட்சியில் கோல்டும் இங்கிலாந்தின் ராபர்ட் ஆடம்ஸும் தத்தம் ரிவால்வர்களை வைத்திருந்தார்கள். ஆடம்ஸின் சட்டகம் உருளைக்கு மேலாகவும் வளைந்து ஒரே துண்டாக இருந்தது. விசையை இழுத்தாலே சுத்தி எழுந்து விழுந்தது. கோல்டில் மேற்பட்டை கிடையாது, குழலை ஆப்பு ஒன்றுதான் பிடித்து நிற்கிறது. இரண்டையும் கையில் ஏந்திப் பார்த்தால், ஒரே சிக்கலுக்கு இரு நாட்டினர் எவ்வளவு வேறான விடை கண்டார்கள் என்பது விளங்கும். பர்மிங்ஹாமின் வில்லியம் டிரான்டர் செய்த இரட்டை விசை ரிவால்வர் எனக்கு மிகவும் பிடித்தது. காப்புக்குக் கீழே தொங்கும் விசையை நடுவிரலால் இழுத்தால் சுத்தி ஏறும். உள்ளே இருக்கும் விசையைச் சுட்டுவிரலால் மெல்லத் தொட்டால் விழும்.

பிரிட்டிஷ் விற்பனைக் குறிப்புகளில் '120 போர்', '80 போர்' என்றெல்லாம் இருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். ஒரு பவுண்டு ஈயத்தில் அந்த விட்டத்துக்கு எத்தனை குண்டுகள் வார்க்கலாம் என்பதுதான் அந்த எண். எனவே எண் கூடக் கூடக் குண்டு சிறிதாகும். 120 போர் என்பது ஏறத்தாழ 0.34 அங்குலம், 54 போர் என்பது ஏறத்தாழ 0.44 அங்குலம்.

பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்திலிருந்து வந்த பிரதிகளையும் நிறையப் பார்ப்பீர்கள். முட்டை வடிவக் கோட்டுக்குள் இ.எல்.ஜி. என்ற எழுத்துகள் இருந்தால் அது லியேஜின் சோதனை முத்திரை. முட்டைக்கு மேல் ஒரு கிரீடமும் இருந்தால் அது 1893க்குப் பிந்தையது. அந்த முத்திரை உள்ள துப்பாக்கியை 1850களைச் சேர்ந்தது என்று யாரேனும் விற்க வந்தால் நம்ப வேண்டாம். அதுபோலவே, 1950களின் இறுதியிலிருந்து இத்தாலியில் கோல்டுகளின் நகல்கள் பெருமளவில் செய்யப்படுகின்றன. கருமருந்தைக் குறிக்கும் பி.என். என்ற எழுத்துகளும் ஆண்டுக் குறியீடும் அவற்றில் இருக்கும். அவற்றை அரம் போட்டு அழித்து, அமிலத்தில் ஊறவைத்துப் பழையதாகக் காட்டும் ஆட்கள் உண்டு. முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் இரும்பு கொஞ்சம் தாழ்ந்து பள்ளமாகத் தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

---

அருங்காட்சி எழுதியது:

மேலே இருவரும் எதை வாங்குவது என்பதைச் சொல்லிவிட்டார்கள். அதற்கு முன்னால் ஒன்றைச் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். எந்தப் பழைய கேப் ரிவால்வரைக் கையில் எடுத்தாலும், அதில் மருந்து இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

தோட்டாத் துப்பாக்கியில் தோட்டாவை உருவி எடுத்துவிடலாம். இவற்றில் குண்டை நெம்புகோலால் அழுத்தி இறுக்கிவிட்டால், சுட்டுத்தான் வெளியேற்றுவார்கள். சுடத் தேவை வராதவர் அப்படியே மேசை இழுப்பறையில் வைத்துவிடுவார். அவர் காலத்துக்குப் பிறகு அது பல கைகள் மாறி நம்மிடம் வரும். கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் நூற்றாண்டு கடந்தும் எரியக்கூடியது. எனவே முதலில் சுத்தியைத் தொடாமல், எல்லா நிப்பிள்களிலும் கேப் இல்லை என்பதைப் பாருங்கள். உருளையின் முன்வாயைப் பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தால் அறைக்குள் ஈயத்தின் மங்கிய சாம்பல் முகம் தெரிகிறதா என்று அறியலாம். குழலை உங்களை நோக்கித் திருப்பி உள்ளே எட்டிப் பார்க்கவே கூடாது. உருளையைக் கழற்றிய பிறகு ஒவ்வோர் அறையையும் வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நிப்பிளின் ஊசித்துளை வழியே ஒளிப்புள்ளி தெரிந்தால் அறை காலி. தெரியாவிட்டால் அழுக்கும் இருக்கலாம், மருந்தும் இருக்கலாம். தெரியாத அறையைக் கம்பியால் குத்துவதோ, துளையிடுவதோ, சூடேற்றுவதோ கூடாது. உரிமம் பெற்ற, பழைய துப்பாக்கிகளில் பழக்கமுள்ள கம்மியரிடம்தான் கொடுக்க வேண்டும்.

பராமரிப்பைப் பற்றி. நிப்பிள்களைச் சுற்றி உள்ள இரும்பு மட்டும் அம்மைத் தழும்புபோல் குழிந்திருப்பதைப் பார்ப்பீர்கள். அந்தக் காலத்துக் கேப்புகளில் பாதரச ஃபல்மினேட்டோடு பொட்டாசியம் குளோரேட்டும் சேர்ந்திருந்தது. அது வெடித்த பிறகு மிஞ்சும் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்றது. அந்தத் தழும்பு துப்பாக்கியின் வாழ்க்கைக் குறிப்பு, அதை நிரப்பவோ தேய்க்கவோ வேண்டாம். உங்கள் மான்ஹாட்டனின் பழுப்பு நிறமும் அப்படித்தான். விரலில் ஒட்டாத, உறைந்த பழுப்பு இரும்பைக் காக்கும் போர்வை. விரலில் செம்பொடியாக ஒட்டும் துருவை மட்டும்தான் நிறுத்த வேண்டும். அதற்கு மெல்லிய எண்ணெயும் பழைய பருத்தித் துணியும் பொறுமையும் போதும். எஃகுக் கம்பிப் பஞ்சு, மணல்தாள், பித்தளைப் பாலிஷ் ஆகியவற்றை வீட்டின் அந்தப் பக்கத்துக்கே கொண்டு வராதீர்கள்.

துரு நின்ற பிறகு அருங்காட்சியகங்களில் பயன்படும் நுண்படிக மெழுகை மிக மெல்லிதாகப் பூசி வையுங்கள். கையுறை போட்டுத் தொடுங்கள். வியர்வையின் உப்பு ஒரே இரவில் விரல் ரேகையைத் துருவாகப் பதித்துவிடும். தோல் உறைக்குள் வைத்துச் சேமிக்க வேண்டாம். பதனிட்ட தோலில் உள்ள அமிலமும் ஈரமும் சேர்ந்து, உறை தொட்ட பக்கத்தை மட்டும் அரித்துவிடும். வால்நட் கைப்பிடியில் எண்ணெய் ஊற்றவும் வேண்டாம். கோல்டின் கைப்பிடிகள் வார்னிஷ் பூசப்பட்டவை. எண்ணெய் இறங்கினால் மரம் கறுத்து வார்னிஷ் உரியும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் 1898 வரை செய்யப்பட்டவற்றைப் பழம்பொருளாகக் கருதி, சாதாரணத் துப்பாக்கிக்கான விதிகளிலிருந்து விலக்குகிறது. ஆனால் மாநில விதிகள் மாறுபடும். பிரிட்டனில் அழகுப் பொருளாகவோ அரும்பொருளாகவோ வைத்திருப்பவருக்குத் தனி விலக்கு உண்டு. ஓரிடத்தில் செல்வது இன்னோரிடத்தில் செல்லாது. பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் இடத்து உரிம அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேட்டு, பதிலையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

---

இளம்பரிதி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் எழுதியதை அச்சிட்டு எடுத்துக்கொண்டு, பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியும் ஒரு சிறிய விளக்கும் வாங்கிக்கொண்டு நேற்று வணிகரிடம் போனேன். அவர் பொறுமையாக இரண்டு மணி நேரம் பார்க்க விட்டார்.

கோல்டின் உருளையில் குதிரைகளின் கால்களுக்குக் கீழே ஓரிடத்தில் கண்ணாடியை நிறுத்தினேன். அங்கே மிகச் சிறிய பழைய துருக்குழி ஒன்று இருந்தது. தரையைக் காட்டும் கோடு அந்தக் குழியின் விளிம்பில் நிற்காமல், சரிவில் இறங்கி, அடியைத் தொட்டு, மறுபக்கம் ஏறிச் சென்றது. சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். துரு முதலில், கோடு பிறகு. வணிகரையும் பார்க்கச் சொன்னேன். அவரும் பார்த்துவிட்டுத் தலையசைத்தார், தாம் வாங்கியபோதே இப்படித்தான் இருந்தது என்றார். பெட்டியின் துணியில் சுத்தி அழுந்திய தடம் எதுவும் இல்லை. துப்பாக்கி கிடக்கும் பள்ளம் குழலைவிட இரண்டு அங்குலம் நீளமாக இருந்தது. 6 அங்குலக் குழலுக்காகச் செய்த பெட்டியாக இருக்க வேண்டும்.

மான்ஹாட்டனின் எண்கோண விளிம்புகளில் நகத்தை ஓட்டினால் நகம் தடுக்கி நிற்கிறது. விசைக் காப்பு சட்டகத்தோடு சேரும் மூலையில், அரிசி மணி அளவுக்கு, கறுத்த வெள்ளியும் இருக்கிறது. துருவும் மெருகும் ஐயா சொன்ன மனநிறைவு எனக்கும் புரிந்தது.

ஆனால் இன்னொன்றும் நடந்தது. வணிகர் குழலைக் கழற்றி உருளையைக் கையில் கொடுத்தார். விளக்குக்கு நேரே பிடித்தேன். மூன்று அறைகளில் ஒளிப்புள்ளி தெரிந்தது. நிப்பிள் உடைந்த அறையில் தெரியவில்லை. அதற்கு அடுத்ததிலும் தெரியவில்லை. அந்த இரண்டிலும் ஆழத்தில் வட்டமான சாம்பல் நிற முகம். உருளையை மெல்லக் கீழே வைத்துவிட்டேன். பல ஆண்டுகளாக அது அவர் அலமாரியில் இருந்திருக்கிறது, எத்தனையோ பேர் எடுத்துச் சுத்தியை இழுத்துப் பார்த்திருக்கிறார்கள். உரிமம் பெற்ற கம்மியரிடம் கொடுத்து, அந்த இரண்டு அறைகளையும் காலி செய்து, எழுத்தில் உறுதி தந்த பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவரும் ஒப்புக்கொண்டார். உரிம அலுவலகத்துக்கும் இன்று காலை கடிதம் எழுதிவிட்டேன்.

துப்பாக்கி கைக்கு வந்த பிறகு, உடைந்த நிப்பிளை மாற்றலாமா, அப்படியே விட்டுவிடலாமா? ஆப்பைக் கழற்றும் முறையையும் யாராவது சொன்னால் நல்லது. வணிகர் இரும்புச் சுத்தியலால் தட்டியதைப் பார்த்தபோது மனம் பதறியது.

---

துருவும் மெருகும் எழுதியது:

இளம்பரிதி, துருக்குழிக்குள் இறங்கிய கோட்டை நீங்கள் கண்டதில் எனக்குப் பெருமகிழ்ச்சி. நான் அதே இடத்தில் ஏமாந்தவன்; நீங்கள் முதல் நாளிலேயே பிடித்துவிட்டீர்கள். அறைகளைக் காலி செய்யாமல் வாங்க மாட்டேன் என்று நின்றதும் மிகச் சரி. அதைச் சோதிக்கும்படி சொன்ன அருங்காட்சிக்கு நானும் நன்றி சொல்கிறேன்.

ஆப்பின் வலப்புறம் மெல்லிய வில் ஒன்றின் கொக்கி நீட்டிக்கொண்டிருக்கும். அதை விரலால் அழுத்திக்கொண்டு, கெட்டியான மரத்துண்டையோ நைலான் துண்டையோ ஆப்பின் நுனியில் வைத்து, இலேசான மரச் சுத்தியலால் இடப்பக்கம் நோக்கித் தட்டுங்கள். இடப்பக்கத்தில் ஆப்பின் மேல் இருக்கும் திருகாணி, ஆப்பு முழுவதும் வெளியே விழாமல் தடுப்பதற்காகவே இருக்கிறது. எனவே ஆப்பு தளர்ந்து தடுப்பில் முட்டியதும் நிறுத்திவிடுங்கள், மேலும் தட்டினால் திருகாணியின் தலை சேதமாகும். குழல் அசையாவிட்டால், உருளையை அரைவாசி திருப்பி, இரண்டு அறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் நெம்புகோலின் அழுத்துதண்டு படும்படி நிறுத்தி மெல்ல அழுத்தினால் குழல் முன்னே நகரும். இதை அறைகள் காலி என்று உறுதியான பிறகு மட்டுமே செய்யுங்கள். திருகாணிகளுக்கு, வாயின் அகலத்துக்கும் தடிமனுக்கும் சரியாகப் பொருந்தும் இணைபக்கத் திருப்புளிதான் வேண்டும். கடையில் கிடைக்கும் ஆப்பு வடிவ முனையுள்ள திருப்புளி, நூற்றைம்பது ஆண்டு பிழைத்த திருகாணி வாயை ஒரே திருகில் கிழித்துவிடும்.

சுத்தியை வெறுமனே இழுத்து விடாதீர்கள். கேப் இல்லாத நிப்பிளில் சுத்தி மோதியே அந்த நுனி உடைந்திருக்கக்கூடும்.

உடைந்த நிப்பிளை நான் அப்படியே விடுவேன். நீங்கள் சுடப்போவதில்லை, மரை துருவேறி இறுகியிருந்தால், பிடுங்கும் முயற்சியில் உருளையே விரிசல் விடலாம். காலி செய்யும் வேலையின்போது கம்மியர் அதைக் கழற்ற நேர்ந்தால், ஊடுருவும் எண்ணெயில் சில வாரம் ஊறவிட்டுத்தான் திருக வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அப்போதும் புதியதைச் செருகச் சொல்ல வேண்டாம். கழன்று வந்த பழைய நிப்பிளையும், அறையிலிருந்து எடுத்த இரண்டு ஈயக் குண்டுகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு சிறிய காகித உறையில் போட்டு, எந்த அறையிலிருந்து எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது என்று துப்பாக்கியின் எண்ணோடு சேர்த்து எழுதி, துப்பாக்கியோடேயே வையுங்கள்.